பள்ளிக்கூடத்து இழிவும் நம் பிள்ளைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளிவிழா மலர் என்றால் கடந்து வந்த வழியின் பெருமைகளை எடுத்துரைப்பது மரபு. படித்துப் பட்டம் பெற்றோரும், அரசுப் பணியில் அமர்ந்தோரும், சங்கத்திற்கு உழைத்த பெரியோரும் இம்மலரின் பிற பக்கங்களில் உரிய இடம் பெறுவர். நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வது வேறொன்று. நம் பிள்ளை ஒருவன் பள்ளியிலிருந்து இடையில் நின்றுவிட்டால், அதற்கு வறுமையே காரணம் என்று சொல்லி அமைந்துவிடுகின்றோம். வறுமை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத மற்றொரு காரணமும் உண்டு. உடன் படிக்கும் பிள்ளைகள் நாள்தோறும் இழைக்கும் இழிவே அது.

கேலி, வசை, பட்டப்பெயர், மிரட்டல், பையைப் பிடுங்கி எறிதல், விளையாட்டில் சேர்க்காது ஒதுக்கல், தன் வேலையைச் செய்யச் சொல்லி ஏவுதல், அடி உதை என இதற்கு வடிவங்கள் பல. நார்வே நாட்டு உளவியல் அறிஞர் டான் ஒல்வேயஸ் 1970ஆம் ஆண்டு முதலே இதனை ஆராய்ந்து மூன்று அடையாளங்களை வகுத்தார். அது வேண்டுமென்றே செய்யப்படுவது. மீண்டும் மீண்டும் செய்யப்படுவது. வலியவர் எளியவர்க்குச் செய்வது. சமவலிமை உடைய இருவர் சண்டையிட்டுக்கொள்வது இதில் அடங்காது. தாக்கப்படுவோன் திருப்பித் தாக்க இயலாத நிலையில் இருப்பதே இதன் உயிர்நிலை.

இந்த மூன்றாம் அடையாளத்தைப் படிக்கும்போது நமக்கு ஓர் உண்மை விளங்குகின்றது. பிற நாடுகளில் உடல்வலிமையோ, வயதோ, கூட்டத்தின் பெருக்கமோ ஒரு பிள்ளையை வலியவனாக்குகின்றன. நம் நாட்டிலோ, அவற்றோடு பிறப்பும் சேர்ந்துகொள்கின்றது. ஒல்லியாய் இருக்கும் சிறுவனுங்கூடத் தன்னினும் வலிய ஒருவனைச் சாதிப் பெயர் சொல்லித் தலைகுனிய வைத்துவிட முடிகின்றது. அவன் பின்னால் ஊரே நிற்பதாக இருவரும் எண்ணுவதே அதற்குக் காரணம். ஆகவே இதனைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை.

வாயிலும் வகுப்பும்

கல்விக்காக நம் முன்னோர் நடத்திய போராட்டத்தை ஆராய்ந்தால், அவர்கள் இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது புலனாகும். முதல் தடை பள்ளியின் வாயில். அது சட்டத்தாலும் கிளர்ச்சியாலும் திறந்தது. இரண்டாவது தடை வகுப்பறைக்குள் இருந்தது. அதனை ஒவ்வொரு பிள்ளையும் தனியே எதிர்கொள்ள நேர்ந்தது.

முதல் தடையின் கடுமையை உணர, நம் மலைக்கு அப்பால் பழைய திருவிதாங்கூரை நோக்கலாம். அங்கே அய்யன்காளி (1863–1941) தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கோரினார். பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையேல் வயல்களில் உழைப்பும் இல்லை என்று உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலிக்காக அன்றிக் கல்விக்காக நடந்த வேலைநிறுத்தம் என்ற வகையில் அதற்குத் தனிச்சிறப்பு உண்டு. அரசு சேர்க்கைக்கு ஆணையிட்ட பின்னரும், ஊரூட்டம்பலம் என்னும் ஊரில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தனர். ஒரு சிறுமி உள்ளே அமர்வதைக் காட்டிலும் பள்ளியே இல்லாமற் போவது மேல் என்று அவர்கள் கருதினர்.

வாயில் திறந்த பின்னர் நிகழ்ந்ததை நம் தலைவர்கள் வாழ்விலிருந்தே அறியலாம். இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் பயின்றார். ஏறத்தாழ 400 மாணவர் பயின்ற அந்தக் கலாசாலையில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணப் பிள்ளைகள் என்று அவர் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறிப்பிடுகின்றார். தம் குலமும் இருப்பிடமும் உறவும் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று அவர் அஞ்சினார். மணி அடிக்கும்வரை வெளியே ஓரிடத்தில் அமர்ந்து வாசித்திருந்து, வகுப்பு தொடங்கும் வேளையில் உள்ளே செல்வார். பள்ளி விட்டதும் பிறர் தம்மை வந்தடையாதவாறு விரைந்து வீடு திரும்புவார். உடனொத்த பிள்ளைகளோடு விளையாட முடியாத துன்பத்தை முதுமையிலும் அவர் மறந்தாரில்லை. 1893இல் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கி அந்தப் பெயரையே முகப்பில் பொறித்தவரும், 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவரும் அவரே. குலத்தின் பெயர் தெரியக்கூடாது என்று ஓடிய சிறுவன், அப்பெயரைத் தலைப்பாக்கி இதழ் நடத்தும் மனிதனாக வளர்ந்த வரலாற்றை நம் இளைஞர் ஆழ்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் பயின்றபோது, தாம் அமர்வதற்கான கோணித் துணியைத் தாமே வீட்டிலிருந்து கொண்டுசென்றார். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. பின்னர்ப் பம்பாயின் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலும் இழிவு தொடர்ந்தது. ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்த ஒரு நாளில், பலகையின் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பாத்திரங்கள் தீட்டுப்படும் என்று மாணவர்கள் ஓடிச்சென்று அவற்றை அப்புறப்படுத்தினர். அதன் பின்னரே அவர் பலகையருகே செல்ல முடிந்தது. ஆசிரியர் அழைத்தார், அரசு அனுமதித்தது, ஆயினும் உடன்பயின்ற பிள்ளைகள் அவரை வேறாகவே நிறுத்தினர். 1907இல் அவர் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார்.

தென்னார்க்காட்டு மண்ணில் பிறந்த எல். இளையபெருமாள் (1924–2005) பயின்ற பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு தண்ணீர்ப் பானை வைக்கப்பட்டிருந்தது. சிறுவராயிருந்த அவர் அப்பானையை உடைத்தார். புதுப்பானை வந்தது, அதனையும் உடைத்தார். முடிவில் அனைவர்க்கும் பொதுப்பானை வந்தது. இச்சிறுவரே பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, 1965இல் நடுவண் அரசு அமைத்த தீண்டாமை ஒழிப்புக் குழுவின் தலைவராக நாடு முழுதும் சுற்றி, 1969இல் அறிக்கை அளித்தார். அவர் உடைத்தது பானையை; பிள்ளைகளை அன்று. இழிவின் கருவியையே அவர் இலக்காகக் கொண்டார்.

நம் மலையடிவாரம்

இனி நம் பகுதியை நோக்குவோம். தேவாரம், கோம்பை, போடிநாயக்கனூர் முதலிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் அமைந்தவை. ஏலக்காயின் மணம் நம் கடைத்தெருக்களுக்குச் செல்வம் தந்திருக்கின்றது. அந்தக் காயைப் பறிக்கவும் களையெடுக்கவும் செல்லும் கைகள் பெரும்பாலும் நம் தாய்மாருடையவை. இருள் பிரியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறிக் கேரளத் தோட்டங்களில் பகலெல்லாம் உழைத்துப் பொழுது சாயும் வேளையில் திரும்புவது அவர்கள் வாழ்க்கை.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் முகத்தைத் தாய் பார்ப்பதில்லை. பள்ளியிலிருந்து கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளையை வரவேற்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. தாய் வந்து சேரும்போது பிள்ளை முகம் கழுவியிருப்பான், அல்லது உறங்கியிருப்பான். களைத்து வந்த அம்மாவிடம் இதையும் சொல்ல வேண்டுமா என்று பிள்ளை எண்ணுகின்றான். மலையேறிப் பாடுபட்டுப் படிக்க வைக்கிறோம், இவன் ஏன் பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்று தாய் கலங்குகின்றாள். இருவர் அன்பும் மெய்யானதே. ஆயினும் இருவருக்கும் நடுவே அந்தச் செய்தி சொல்லப்படாமலே நின்றுவிடுகின்றது. எனவே, அச்செய்தியைக் கேட்டறியும் பொறுப்பு நம்மைப் போன்ற கல்விச் சங்கங்களுக்கு உரியதாகின்றது.

நம் வட்டாரத்து வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. நம் அண்டைச் சமூகமாகிய பிரமலைக் கள்ளர் மக்களை ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. கைரேகைச் சட்டம் என்று மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட அச்சட்டம், பிறப்பினாலேயே ஒரு மனிதனைக் குற்றவாளி என்றது. ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் சென்று படுக்க வேண்டியிருந்தது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அம்மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பரவின. நம் பிள்ளைகளுக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஏற்பட்டன.

இதனை எடுத்துரைப்பதன் நோக்கம் பழியை மாற்றி வைப்பதன்று. பிறப்பால் இழிவு சுமத்தப்படுவது எத்தகைய கொடுமை என்பதை இவ்வட்டாரத்தில் நாம் மட்டும் அறிந்திருக்கவில்லை. தாத்தா காவல் நிலையத்தில் ரேகை வைத்த வரலாறு ஒரு பையனுக்கும், தாத்தா செருப்பின்றி நடந்த வரலாறு மற்றொரு பையனுக்கும் இருக்கின்றன. இருவரும் ஒரே பேருந்தில் செல்கின்றனர். இவ்வரலாற்றை இருவர்க்கும் ஒருசேரக் கற்பித்திருந்தால் அவர்கள் உறவு வேறாக அமைந்திருக்கலாம். மாறாக, வீரக் கதைகள் மட்டும் சொல்லப்பட்டன. 1989இல் போடி வட்டாரத்தில் மூண்ட சாதிக் கலவரத்தில் உயிர்களும் உடைமைகளும் அழிந்ததை மூத்தோர் மறக்கவில்லை. பெரியோர் மூட்டிய தீயின் வெப்பம் பிள்ளைகளின் பலகைகளுக்கும் பரவும் என்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

நாங்குநேரி

2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்தது தமிழகத்தையே உலுக்கியது. நம் சமூகத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வள்ளியூரில் பயின்று வந்தார். உடன் படித்த சிலர் அவரைத் தொடர்ந்து துன்புறுத்தினர். அவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினார். வராத காரணத்தைப் பள்ளி வினவியபோது உண்மை வெளிப்பட்டது. புகாராக எழுதித் தரப்பட்டது. அன்றிரவே அரிவாளோடு வீடு புகுந்து அவரை வெட்டினர். தடுக்க முனைந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதிர்ச்சி தாங்காமல் உறவினராகிய முதியவர் ஒருவர் உயிர் துறந்தார். பிடிபட்டவர்கள் பதினெட்டு வயது நிரம்பாத மாணவர்களே.

இதன் வரிசையை உற்று நோக்க வேண்டும். முதலில் ஏவலும் வசையும், பிறகு மாணவர் பள்ளிக்கு வராமை, பிறகு உண்மையை எடுத்துரைத்தல், இறுதியில் அரிவாள். அரிவாள் வந்த பிறகே நாடு கேட்டது. வசை நடந்த நாட்களில் கேட்டிருந்தால் அரிவாளுக்கு வேலை இருந்திராது. அஃதன்றியும், குறை சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்புத் தராமல் குறையை மட்டும் பெற்றுக்கொள்வது எத்துணை ஆபத்தானது என்பதும் இதனால் தெளிவாகின்றது.

காயங்களோடு மருத்துவமனையில் நெடுநாள் கிடந்த அம்மாணவர் படிப்பைக் கைவிடவில்லை. 2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். அவரைப் பள்ளியிலிருந்து விரட்டுவதே தாக்கியவர்களின் நோக்கமாயின், அந்நோக்கம் தோற்றது. ஆயினும் ஒரு பிள்ளை இவ்வளவு வலி தாங்கித்தான் தேர்வெழுத வேண்டுமென்பதில்லை. 2025 மார்ச்சு மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதச் சென்ற நம் மாணவர் ஒருவர் பேருந்தில் தாக்கப்பட்டு விரல்கள் துண்டிக்கப்பட்ட செய்தியும் வந்தது. நாங்குநேரி தனித்த நிகழ்ச்சி அன்று.

நாங்குநேரி நிகழ்ச்சியை அடுத்து, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18ஆம் நாள் அவர் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுத்தல். அகர வரிசைப்படி மாணவரை அமர்த்துதல். பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குதல். 500க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை அமர்த்துதல் முதலியன அதன் பரிந்துரைகள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின்கீழ் ஒன்றாகக் கொணர வேண்டும் என்றும் அவர் கூறினார். இப்பரிந்துரை நம் மாவட்டத்தை நேரே தொடுவது. தனிப்பள்ளியால் நம் பிள்ளைகள் பெற்ற காப்பையும், தனிப்பள்ளியின் பெயரே ஒட்டிவைக்கும் முத்திரையையும் இருபுறம் வைத்து எடை போட்டு, நம் சங்கத்தார் கூடிப் பேசி ஒரு கருத்துக்கு வரவேண்டும்.

கல்லூரியிலும் இக்கொடுமை

கல்லூரிகளில் ராகிங் என்றும், இலங்கைத் தமிழர் வழக்கில் பகடிவதை என்றும் வழங்குவது இதன் மற்றொரு முகம். 1996 நவம்பர் 6ஆம் நாள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு பயின்ற நாவரசு என்ற மாணவர் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் தந்தையார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர். துணைவேந்தரின் மகனுக்கே இந்நிலை எனில், துணையற்ற பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அந்நிகழ்ச்சியின் விளைவாகவே 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. அவ்வழக்கில் உச்சநீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2011இல் தான் வந்தது. இலங்கையில் 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகடிவதையால் உயிரிழந்த பின்னர், 1998இல் அங்கும் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டங்கள் உயிர்ப்பலிக்குப் பின்னரே பிறந்துள்ளன என்பது வருந்தத்தக்கது. எனினும் அவை நம் கையில் இருக்கின்றன. அரசியலமைப்பின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிறர் காணும் இடத்தில் சாதிப் பெயரால் வசைபாடுவதையும் குற்றமாக்கியது. நம் இளைஞர் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும் சட்டம் செல்லக்கூடிய எல்லை எதுவரை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று நல்ல சான்று.

லிட்டில் ராக் தரும் படிப்பினை

வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் வைப்பது சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர்ந்தனர். வெறிகொண்ட கூட்டம் வாயிலை மறித்தது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்பி அவர்களை உள்ளே அழைத்துச் செல்லச் செய்தார்.

வாயில் திறந்தது. ஆயினும் வகுப்பறைக்குள்ளும் உணவுக்கூடத்திலும் இராணுவம் எத்தனை நாள் காவல் நிற்க இயலும்? தள்ளுதல், எச்சில் உமிழ்தல், வசைமொழி ஆகியவை ஆண்டு முழுதும் தொடர்ந்தன. ஒன்பதின்மரில் ஒரு மாணவி பொறுக்கமாட்டாமல் எதிர்த்து நின்றபோது, 1958 பிப்ரவரியில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது அவரே. தொடர்ந்து சீண்டியவர்கள் ஆசிரியர் கண்ணில் படவில்லை. ஒருமுறை சீறியவர் பட்டுவிட்டார். ஏனைய எண்மரும் ஒருவர்க்கொருவர் துணையாய் அவ்வாண்டை நிறைவு செய்தனர். எர்னஸ்ட் கிரீன் என்பவர் அவ்வாண்டு மே மாதம் அப்பள்ளியின் முதல் கறுப்பினப் பட்டயதாரியாய் வெளிவந்தார்.

நம் பள்ளிகளிலும் இவ்வாறு நிகழ்வதை யாவரும் அறிவர். பத்து நாள் சீண்டப்பட்டுப் பதினோராம் நாள் கை ஓங்கிய நம் பிள்ளையே தலைமையாசிரியர் அறை முன் நிற்கின்றான். ஆகவே நம் இளைஞர்க்கு நாம் சொல்வது இது: திருப்பி அடிப்பது மானம் என்று எண்ணி எதிரி விரித்த வலையில் விழாதீர். வாய்மூடிப் பொறுப்பதும் வேண்டா. எழுதி வையுங்கள், நாள், இடம், கண்டவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள், தனியே செல்லாமல் பெரியவர் ஒருவரோடு சென்று முறையிடுங்கள்.

இழிவு உள்ளே செய்யும் வேலை

அடியின் தழும்பு கண்ணுக்குத் தெரியும். இழிவின் தழும்பு தெரியாது. நாள்தோறும் இழிவுபடும் பிள்ளைக்கு வயிற்றுவலி, தலைவலி வருகின்றன, உறக்கம் கெடுகின்றது, பாடத்தில் மனம் நிலைப்பதில்லை. ஆசிரியர் வினவும் கேள்விக்கு விடை தெரிந்தும் எழுந்து நிற்க அஞ்சுகின்றான். தண்ணீர் குடிக்கும் இடமும் கழிப்பறையும் அவனுக்கு அச்சந்தரும் இடங்களாகின்றன. நாளடைவில், பிறர் சொல்லும் இழிவு மெய்தானோ என்று தன்னையே ஐயுறத் தொடங்குகின்றான். இவற்றுள் இந்த இறுதி நிலையே கொடியது. 1982ஆம் ஆண்டின் இறுதியில் நார்வே நாட்டில் மூன்று சிறுவர்கள் உடன்பயின்றோர் கொடுமை தாளாது உயிர் மாய்த்துக்கொண்டனர். அந்நாட்டு அரசு 1983இல் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது.

அவ்வியக்கத்தில் ஒல்வேயஸ் வற்புறுத்திய கருத்தொன்று நமக்குப் பெரிதும் உதவும். கொடுமை செய்வோர் சிலர். கொடுமைக்கு ஆளாவோர் சிலர். பார்த்துக்கொண்டு நிற்பவரே மிகப் பலர். அப்பலரும் சிரித்தால் கொடுமை வளரும், முகந்திருப்பினால் தளரும், குறுக்கே நின்றால் ஒழியும். அறிவுரையைக் குற்றவாளிக்கு மட்டும் கூறுவதால் பயனில்லை. பார்த்து நிற்போர்க்கும் கூறவேண்டும். எல்லாச் சமூகங்களிலும் நல்ல மனமுடைய பிள்ளைகள் உளர். அவர்கள் அஞ்சி நிற்கின்றனர். அவர்களை நம் பக்கம் சேர்ப்பதே அறிவுடைமை.

நமக்குள்ளும் நோக்குவோம்

பிறர் குறையை எடுத்துரைத்த நாம் நம் இல்லத்தையும் பெருக்க வேண்டும். விடுதியில் மூத்த மாணவன் இளைய மாணவனைத் துணி துவைக்கச் செய்தால் அது எவ்வகையில் வேறு? பள்ளர், பறையர், அருந்ததியர் என்ற பிரிவைச் சொல்லி ஒருவரையொருவர் தாழ்த்தினால், நம்மைத் தாழ்த்துவோர்க்கு நாமே துணை போனவராவோம். அவர்கள் ஒரு வண்ணக் கயிறு கட்டினால் நாமும் ஒரு வண்ணக் கயிறு கட்டுவோம் என்பது வீரம் அன்று. அது அவர்கள் வகுத்த விதியை ஏற்றுக்கொள்வதே. நம் மாணவியரை வழியில் கேலி செய்யும் நம் இளைஞன், ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தும் வேலையைச் செய்கின்றான். மலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்து நடுவில் பள்ளியில் சேரும் பிள்ளையின் பேச்சைக் கண்டு நகைப்பதும் அவ்வாறே. இழிவு தாங்கிய மக்கள் பிறர்க்கு இழிவு செய்யாதிருப்பதே அம்மக்களின் உயர்வுக்கு அளவுகோல்.

செய்யத்தக்கவை

1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவியபோது, பள்ளியோடு விடுதியையும் வளர்த்தார். தனித்து நிற்கும் பிள்ளை எளிதில் விரட்டப்படுவான். கூடிப் படிக்கும் பிள்ளை நிலைத்து நிற்பான் என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம் சங்கமும் அவ்வழி செல்லத்தக்கது. அதற்காகச் சில கருத்துகளை உறுப்பினர் முன் வைக்கின்றோம்.

முதலாவது, மாலைப் படிப்பகம் நாள்தோறும் திறந்திருக்க வேண்டும். தாய் மலையிலிருந்து இறங்கும் வரை பிள்ளை முகத்தைப் பார்க்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பாடம் கேட்குமுன் “இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஆறாம் வகுப்பில் புதிதாய்ச் சேரும் பிள்ளைகளோடு மூத்த மாணவர் ஒருவர் சில மாதங்களேனும் சேர்ந்து செல்ல வேண்டும். பேருந்தும் நடைவழியும் வகுப்பறையைவிட ஆபத்தான இடங்கள் என்பதை அண்மை நிகழ்ச்சிகள் காட்டிவிட்டன.

மூன்றாவது, முறையீடு செய்யும் பிள்ளையோடு சங்கத்தார் இருவர் பள்ளிக்குச் செல்ல வேண்டும். சென்று திரும்பிய பின்னரும் அப்பிள்ளையின் பாதுகாப்பைப் பல நாள் கவனிக்க வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும், குழந்தைகள் உதவி எண்ணாகிய 1098உம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

நான்காவது, நம் ஆசிரியர்களும் பிற சமூகத்து ஆசிரியர்களும், பெற்றோரும் ஆண்டுக்கொருமுறையேனும் ஓரிடத்தில் அமர்ந்து பேச வேண்டும். பெருங்காமநல்லூரின் வரலாற்றை நம் பிள்ளைகளும், இரட்டைமலை சீனிவாசனின் வரலாற்றை அவர்தம் பிள்ளைகளும் அறியும் நாளில் பாதிப் பகை தணியும்.

ஐந்தாவது, பள்ளிக்கு வராமல் நின்ற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிற்கும் ஒரு வாரத்திற்குள் நம்மவர் ஒருவர் செல்ல வேண்டும். நாங்குநேரியில் முதல் எச்சரிக்கை காலியாயிருந்த இருக்கையே என்பதை மறத்தலாகாது.

இளைஞர்களே! உங்களைக் கேலி செய்வோர் உங்களிடம் வேண்டுவது ஒன்றே: நீங்கள் எழுந்து போய்விட வேண்டும். மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த சீனிவாசனும், கோணியில் அமர்ந்த அம்பேத்கரும், பானை உடைத்த இளையபெருமாளும் எழுந்து போகவில்லை. அவர்கள் அமர்ந்திருந்ததால்தான் இன்று நமக்குப் பலகையில் இடமிருக்கின்றது. அவ்விடத்தை விட்டு எழாதீர்கள். அருகில் ஒருவன் தலைகுனிந்து அமர்ந்திருந்தால், அவன் எச்சாதியினனாயினும், அவன் பக்கம் நகர்ந்து அமருங்கள்.